பிரிய மறுக்கும் செல்களும் சர்க்கரை நோயும்

மனித உடலிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தால், அவை ஏறத்தாழ 50 முறை பிரிந்து பெருகியபின், உணவும் இடமும் இருந்தும் மேற்கொண்டு பிரியாமல் நின்றுவிடுகின்றன என்று 1961இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் எழுதினர். அப்படி நின்றுபோன மூப்புச் செல் சாவதில்லை. பருத்துத் தட்டையாகி, அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்தபடியே உயிரோடிருக்கிறது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டையை மூட்டை கட்டும் முன் பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிவது, அது பக்கத்துப் பருப்பையும் கெடுத்துவிடும் என்பதால்தான். மூப்புச் செல்லின் சுரப்பும் அவ்வாறே அண்டையிலுள்ள நல்ல செல்களையும் மூப்படையச் செய்கிறது.

இச்செல்கள் வயிற்றுக் கொழுப்பில் மிகும்போது அங்கு மூளும் அழற்சி, இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் செல்லுக்குள் சேர்க்கும் இன்சுலினின் கட்டளைக்குத் திசுக்கள் செவிசாய்க்காத நிலையை உண்டாக்குகிறது. சர்க்கரை மிகுந்தால், அது மீண்டும் செல்களை மூப்படையத் தூண்டுகிறது.

இந்தச் சுழலின் ஒரு முனையைச் சென்னையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். குரோமோசோம்களின் நுனிகளைக் காக்கும் பகுதிக்கு டீலோமியர் என்று பெயர். ஆரணிப் பட்டின் முந்தானையில் நூல் பிரியாதிருக்கக் குஞ்சம் முடிவதைப் போன்றது அதன் வேலை. செல் பிரியுந்தோறும் அது சற்றே குறுகி, ஓர் எல்லைக்குப்பின் பிரிதலையே நிறுத்திவிடுகிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் அடைக்கலகோட்டீஸ்வரி, பாலசுப்பிரமணியம், மோகன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவு உள்ள இந்தியர்களின் இரத்த வெள்ளணுக்களில் டீலோமியர், நோயில்லாதவர்களைவிடக் குறுகியிருப்பதைக் காட்டியது. குறுகியதால் நோய் வந்ததா, நோயால் குறுகியதா என்பதை இத்தகைய ஒப்பீடு மட்டும் தீர்த்துவிடாது. இரண்டுமே ஓரளவு உண்மையாக இருக்கலாம்.

பருத்த எலிகளின் மூப்புச் செல்களை அகற்றியபோது இன்சுலின் மீண்டும் நன்றாக வேலை செய்ததை 2019இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் கண்டனர். அதே ஆண்டில், இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் டாசாட்டினிப் மருந்தையும், வெங்காயத்திலும் உள்ள குவெர்செட்டினையும் சேர்த்து, நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்ற 9 பேருக்கு மூன்று நாள் கொடுத்ததில் கொழுப்பிலிருந்த மூப்புச் செல்கள் குறைந்தன. ஒன்பது பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. டாசாட்டினிப் பக்கவிளைவுகள் உள்ள மருந்து. குழம்பில் போடும் வெங்காயம் அதற்கு ஈடாகாது.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுவாசலுக்கு வரும் பெண் தன்னார்வலர் விரல்நுனி இரத்தத்தில் அளப்பது சர்க்கரையை மட்டுமே. செல்லின் மூப்பை அளக்கும் கருவி அவர் பையில் இன்னும் இல்லை.