நீர் வரைந்த நாடு

மழைக்காலத்தில் ஓர் ஆறு பெருக்கெடுப்பது இயல்பு. திசை மாறி ஓடுவது அரிது. கம்போடியாவின் தொன்லே சாப் ஆறு ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கு நோக்கிப் பாய்ந்து மீகாங்கில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழையால் மீகாங் வீங்கியதும் இவ்வாற்றின் ஓட்டம் திரும்புகிறது. மீகாங்கின் வெள்ளம் இதன்வழியே வடமேற்காக ஏறி, அதே பெயர்கொண்ட பேரேரியை நிரப்புகிறது. அந்நாட்டின் மாகாணங்களை அறிய விரும்புவோர் முதலில் அறியவேண்டியது இந்தத் திருப்பத்தைத்தான். அரசு வரைந்த எல்லைகள் கோடுகளாக நிற்கின்றன. நீர் வரைந்த எல்லை ஆண்டுதோறும் விரிந்து சுருங்குகிறது. மக்கள் வாழ்வு பெரிதும் இரண்டாவது எல்லையையே சார்ந்துள்ளது.

தட்டின் நடுவே ஒரு பேரேரி

ஏறத்தாழ 1,81,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கம்போடியாவை ஒரு தட்டாக உருவகிக்கலாம். வடக்கே தங்ரெக் மலைத்தொடரும், தென்மேற்கே ஏலமலைத் தொடரும், கிழக்கே லாவோஸ், வியட்நாம் எல்லைகளை ஒட்டிய மேட்டுநிலமும் அதன் விளிம்புகள். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான அவ்ரால் மலை (1,813 மீட்டர்) தென்மேற்கு விளிம்பில் உள்ளது. தட்டின் குழிந்த நடுப்பகுதியில் சமவெளியும் பேரேரியும் அமைந்துள்ளன. லாவோசிலிருந்து இறங்கும் மீகாங், ஸ்டங் திரெங் மாகாணத்தில் நாட்டுக்குள் நுழைந்து, கிராட்டி, கம்போங் சாம் வழியாகத் தலைநகர் புனோம் பென்னை அடைகிறது.

மீகாங்கும் தொன்லே சாப்பும் தலைநகரின் முன்னே கூடுகின்றன. கூடிய இடத்திலேயே பாசாக் என்னும் கிளையாறு பிரிகிறது. மேலிருந்து வரும் மீகாங், கீழே செல்லும் மீகாங், தொன்லே சாப், பாசாக் என நான்கு நீர்வழிகள் சந்திப்பதால் அவ்விடத்தைச் ‘சதுர்முகம்’ என்னும் பொருள்படும் பெயரால் கெமர் மக்கள் அழைக்கின்றனர். நீரின் திசையைத் தீர்மானிப்பது இங்குள்ள நீர்மட்டமே. மீகாங்கின் மட்டம் ஏரியின் மட்டத்தைவிட உயர்ந்தால் நீர் ஏரிக்குள் ஏறும். தாழ்ந்தால் ஏரி வடியும். நிலம் மிகவும் தட்டையாக இருப்பதால் சில மீட்டர் உயர வேறுபாடே இதற்குப் போதுமானது.

கோடையில் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். ஆழம் பல இடங்களில் ஒரு மீட்டரளவே இருக்கும். படகை ஊன்றுகோலால் தள்ளிச் செல்லலாம். நல்ல மழையாண்டில் அது 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து, எட்டு, ஒன்பது மீட்டர் ஆழம் கொள்ளும். அப்போது ஏரியைச் சுற்றியுள்ள காடு இடுப்பளவும் கழுத்தளவுமாக மூழ்கும். தமிழில் ‘வெள்ளக்காடு’ என்று பெருவெள்ளத்தைக் குறிப்போம். கம்போடியாவில் அது உருவகமன்று. வெள்ளத்தில் மூழ்கி வாழப் பழகிய மரங்களின் காடே அங்கு உண்டு. அம்மரங்களின் வேரிடையிலும் கிளையிடையிலும் மீன்குஞ்சுகள் வளர்கின்றன. மீகாங் சுமந்துவரும் வண்டல் அவற்றுக்கு உணவூட்டும் உயிர்களைப் பெருக்குகிறது. மழை ஓய்ந்து, ஆறு மீண்டும் தென்கிழக்காகத் திரும்பும்போது கொழுத்த மீன்கள் கூட்டங்கூட்டமாக ஆற்றில் இறங்குகின்றன. நாட்டின் உள்நாட்டு மீன்வளத்தின் பெரும்பகுதி இந்தச் சுழற்சியின் விளைவே.

1296ஆம் ஆண்டு அங்கோர் நகருக்கு வந்த சீனத் தூதர் சோவ் தாகுவான் இக்காட்சியை வியந்து எழுதியுள்ளார். உயர்ந்த மரங்களின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரிவதையும், கரையோரக் குடும்பங்கள் மேட்டுக்குப் பெயர்வதையும் அவர் குறிப்பிடுகிறார்.

பெயர்களில் தெரியும் நிலம்

இன்று கம்போடியாவில் 24 மாகாணங்களும், மாகாணத்துக்கு நிகரான தகுதியுடைய தலைநகரும் உள்ளன. 2013ஆம் ஆண்டின் இறுதியில் கம்போங் சாம் மாகாணம் பிரிக்கப்பட்டு திபோங் கிமும் உருவானபோது இவ்வெண்ணிக்கை நிறைவுற்றது. மாகாணத்தைக் குறிக்கும் கெமர்ச் சொல் ‘கேத்’. ‘க்ஷேத்திரம்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது அது.

பட்டியலாக மனப்பாடம் செய்தால் இப்பெயர்கள் வெறும் ஒலிகள். பொருளறிந்து படித்தால் அவை நிலநூலாக விரிகின்றன. ‘கம்போங்’ என்பது படகுத்துறை. கம்போங் தோம் பெருந்துறை; கம்போங் சினாங் பானைத்துறை; கம்போங் சாம், சாம் மக்களின் துறை. கம்போங் சினாங்கில் மட்பாண்டம் வனைவோர் இன்றும் உள்ளனர். பானைகள் மாட்டுவண்டிகளில் ஏறி ஊர் ஊராகச் சென்றன. ‘ஸ்டங்’ என்றால் ஆறு. ‘கோ’ என்றால் தீவு. ‘புனோம்’ என்றால் குன்று. ‘ஸ்வாய்’ என்பது மாமரம். ‘பிரே’ என்றால் காடு. ஆயினும் நெடுங்காடு எனப் பொருள்படும் பிரே வெங் மாகாணத்தில் இன்று கண்ணுக்கெட்டிய தொலைவுவரை நெல்வயல்களே தெரிகின்றன. காடு பெயரில் மட்டும் எஞ்சியுள்ளது. மலை விளிம்பிலுள்ள ரத்தனகிரி, மொண்டுல்கிரி ஆகிய பெயர்களைப் பிரித்துப் பொருள் காண எவருடைய துணையும் வேண்டா.

*தெரிந்து தெளிவோம்: கெமர் எழுத்துமுறை, பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது. காலம் குறிக்கப்பட்ட கெமர்க் கல்வெட்டுகளுள் மிகப் பழையது கி.பி. 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது தாகேவ் மாகாணத்து அங்கோர் போரெய் என்னும் ஊரில் கிடைத்தது.*

ஏரி சூழ்ந்த மாகாணங்கள்

சியம் ரீப், பட்டம்பாங், பூர்சாட், கம்போங் சினாங், கம்போங் தோம் ஆகிய ஐந்து மாகாணங்கள் பேரேரியைச் சூழ்ந்துள்ளன. இவற்றுள் பட்டம்பாங் நாட்டின் நெற்களஞ்சியம். நீர் ஏற ஏறத் தண்டை நீட்டி, கதிரை நீர்மட்டத்துக்கு மேலேயே தாங்கும் மிதவை நெல்வகைகள் ஏரியைச் சுற்றிய தாழ்நிலங்களில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டன.

சியம் ரீப்பில்தான் அங்கோர் உள்ளது. ஏரியின் வெள்ளம் எட்டாத அளவு தொலைவிலும், அதன் மீன் எட்டும் அளவு அருகிலும் அந்நகரம் அமைந்தது. வடக்கிலுள்ள குலேன் குன்றுகள் ஓடைநீரையும் கட்டடக் கல்லையும் தந்தன. நீளம் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டரும் அகலம் இரண்டு கிலோமீட்டரும் கொண்ட மேற்குப் பாராய் என்னும் நீர்த்தேக்கம், மழைநீரைச் சேமிக்கும் திறனில் அக்காலத்தவர் அடைந்த உயரத்தைக் காட்டும். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர் வாட்டைப் புகழ்வோர், அக்கல்லைச் சுமந்தவர்களுக்குச் சோறும் மீனும் அளித்த ஏரியைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பாயோன் கோயிலின் சிற்பிகள் மறக்கவில்லை; அதன் சுவர்களில் படகுகளுக்கு அடியில் மீன்கள் நீந்துகின்றன.

இதே மாகாணத்துக் கம்போங் புளுக் என்னும் சிற்றூரில் வீடுகள் ஆறு மீட்டருக்கும் மேலான தூண்களின்மீது நிற்கின்றன. கோடையில் நெடிய ஏணியில் ஏறி வீட்டுக்குள் செல்லவேண்டும். மழைக்காலத்தில் வாசலிலேயே படகு நிற்கும். வேறு சில ஊர்கள் மிதவைகளின்மேல் அமைந்தவை. ஏரி விரியும்போதும் சுருங்கும்போதும் வீடு, கடை, பள்ளி ஆகியவற்றோடு ஊரே இடம்பெயரும். இத்தகைய ஊரை நிலையான வரைபடத்தில் எங்ஙனம் குறிப்பது? நிருவாகத்துக்கு இது எளிய வினாவன்று. மிதவை வீடுகளில் வாழ்வோருள் வியட்நாமிய மரபினர் பலர். குடியுரிமை ஆவணம் இல்லாதோரும் அவர்களுள் உண்டு. 2018ஆம் ஆண்டு கம்போங் சினாங் நகரையொட்டிய மிதவை வீடுகள் அகற்றப்பட்டபோது, நீரில் வாழ்ந்தோர் உரிமைப்பத்திரம் இல்லாத நிலத்தில் குடியேற நேர்ந்தது.

ஏரியிலிருந்து தொலைவிலுள்ள மாகாணங்களும் அதனோடு பிணைந்தே இருந்தன. மார்கழி, தை மாதங்களில் முழுநிலவுக்கு முந்தைய நாள்களில் சிறுமீன்கள் ஆற்றில் திரளாக இறங்கும். பெரிய பைவலைகளை ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கட்டி அவற்றைப் பிடிப்பர். உள்நாட்டு உழவர்கள் நெல்லை வண்டியேற்றிக் கொண்டுவந்து, மீனைப் பெற்று, உப்பிட்டு நொதிக்கவைத்து, ‘பிரஹோக்’ என்னும் உணவாக ஆண்டு முழுவதற்கும் சேமித்தனர். ‘ரியெல்’ என்பது அந்நாட்டு நாணயத்தின் பெயர். மிகுதியாகக் கிடைக்கும் ஒரு சிறுமீனின் பெயரும் அதுவே. மீனின் பெயரே நாணயத்துக்கு வந்தது என்பது மக்களின் நம்பிக்கை.

விளிம்பு மாகாணங்கள்

வடகிழக்கில் காடும் மலைவாழ் மக்களும் மிகுந்த ரத்தனகிரியும் மொண்டுல்கிரியும் உள்ளன. மீகாங்கின் ஆழமான மடுக்கள் ஸ்டங் திரெங், கிராட்டி மாகாணங்களில் காணப்படுகின்றன. கோடையில் பெருமீன்கள் ஒதுங்கும் இடங்கள் அவை. 2022ஆம் ஆண்டு ஸ்டங் திரெங்கில் பிடித்து, அளந்து, மீண்டும் ஆற்றில் விடப்பட்ட திருக்கை 300 கிலோ எடையுடையது. எடையிடப்பட்ட நன்னீர் மீன்களுள் அதுவே மிகப் பெரியதாகப் பதிவாயிற்று. கிராட்டி மடுக்களில் ஐராவதி ஓங்கில்கள் வாழ்கின்றன. அவற்றின் எண்ணிக்கை நூற்றை ஒட்டியே உள்ளது.

வடக்கே, தங்ரெக் மலையின் செங்குத்தான பாறை விளிம்பில் பிரீயா விகார் கோயில் நிற்கிறது. அதன் உரிமை குறித்துத் தாய்லாந்துடன் எழுந்த வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் 1962இல் கம்போடியாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் எல்லைப் பூசல் அடங்கவில்லை. தெற்கே கடலை ஒட்டிய கம்போட், மிளகுக்குப் பெயர்பெற்றது. கம்போங் ஸ்பியூவின் சிறப்பு பனைவெல்லம். தமிழ்நாட்டின் மாநில மரமான பனையே கம்போடியாவின் தேசிய மரம். வயல் வரப்புகளில் நிற்கும் அப்பனைகளைக் காணும் தமிழருக்கு அது அயல்நாடாகத் தோன்றாது.

பெயரழித்த நான்காண்டுகள்

1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் அரசு மாகாணங்களையே கலைத்தது. பெயர்களுக்குப் பதிலாகத் திசைகளும் எண்களும் வந்தன: வடமேற்கு வலயம், கிழக்கு வலயம், அவற்றுக்குள் எண்ணிடப்பட்ட வட்டாரங்கள். துறையும் காடும் குன்றும் பெயரிலிருந்து மறைந்தன. நகரங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள், சதுரச் சதுரமாகக் கோடிட்ட வயல்களையும் நேர்கோட்டுக் கால்வாய்களையும் வெறுங்கையால் தோண்டினர். நிலத்தின் சரிவையும் நீரின் போக்கையும் அறிந்த உழவரின் சொல் கேட்கப்படவில்லை. கால்வாய்கள் பல பயனற்றுப் போயின. பசி, நோய், கடும் உழைப்பு, கொலை ஆகியவற்றால் ஏறத்தாழ 17 இலட்சம் மக்கள் மாண்டனர். அக்காலத்தில் பந்தியாய் மியன்சிப் பகுதியில் கட்டாய உழைப்பால் எழுந்த திரபியாங் திமா நீர்த்தேக்கம் இன்றும் உள்ளது. சாரசக் கொக்குகளின் காப்பிடமாக அது விளங்குகிறது.

தாமதிக்கும் வெள்ளம்

இப்போது நீரின் போக்கே மாறிவருகிறது. மீகாங்கின் மேற்பகுதியில் சீனாவும், அதற்குக் கீழே லாவோசும் பெரிய அணைகளைக் கட்டியுள்ளன. அணைகள் மழைக்கால நீரைத் தேக்கிக் கோடையில் விடுகின்றன. இதனால் வெள்ளத்தின் உச்சம் தாழ்கிறது. கோடை மட்டம் உயர்கிறது. மின்னாக்கத்துக்கு இது நன்று. உயர்வு, தாழ்வு ஆகிய இரண்டின் வேறுபாட்டால் இயங்கும் ஏரிக்கோ இது பெருங்கேடு. அணைகள் வண்டலையும் தடுக்கின்றன. ஆற்றுமணல் அள்ளப்படுவதால் படுகை தாழ்ந்து நீர்மட்டம் மேலும் குறைகிறது. மழை பொய்த்த 2019, 2020ஆம் ஆண்டுகளில் ஆறு திரும்புவதே மிகவும் தாமதமாயிற்று. 2016இன் வறட்சியில் ஏரிக்கரைக் காடுகள் பெரும்பரப்பில் தீக்கிரையாயின.

பழி முழுவதும் அயல்நாடுகளுடையது அன்று. கம்போடியாவே ஸ்டங் திரெங்கில் கட்டி 2018இல் திறந்த இரண்டாம் கீழ்ச் சேசான் அணை, மீகாங்கின் முதன்மையான துணையாறுகளை அடைத்தது. ஊர்கள் சில நீரில் மூழ்கின. மறுபுறம், மீகாங்கின் முதன்மை ஓட்டத்தில் பத்தாண்டுகளுக்கு அணை கட்டுவதில்லை என 2020இல் அரசு அறிவித்தது. ஏரியில் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த மீன்பிடிப் பகுதிகள் 2012இல் நீக்கப்பட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. எனினும் காவல் குறைந்த நீர்ப்பரப்பில் மின்பாய்ச்சியும் நுண்கண் வலைகளாலும் மீன்பிடிப்போர் பெருகினர். மீன் குறையவே, மிதவை ஊர்களின் இளைஞர் பலர் கட்டடப் பணி நாடித் தலைநகருக்கும் தாய்லாந்துக்கும் செல்கின்றனர்.

ஆற்றின் திருப்பத்தைக் கொண்டாடும் நீர்த்திருவிழா கார்த்திகை முழுநிலவில் நிகழும். அம்மாதத்தை அவர்கள் அழைக்கும் பெயரும் ‘கார்த்திகை’ என்பதன் திரிபே. நாட்டின் பல மாகாணங்களிலிருந்தும் நெடும்படகுகள் புனோம் பென்னுக்கு வந்து போட்டியிடுகின்றன. அதற்குச் சில திங்கள் முன்னர், ஆறு எதிர்த்திசையில் ஏறத் தொடங்கும் நாளுக்கு விழா ஏதும் இல்லை. தலைநகருக்கு வடக்கே பிரேக் கதாம் என்னுமிடத்தில் உள்ள அளவைநிலையத்தில் அந்நாள் பதிவாகிறது. ஆனி, ஆடி மாதங்களில் அங்கு நீர் எத்திசையில் ஓடுகிறது என்பதை அலுவலர்கள் நாள்தோறும் குறித்துவைக்கின்றனர். ஏரியின் மறுகோடியில் கம்போங் புளுக் மக்கள் படகுகளைக் கவிழ்த்து, விரிசல்களில் பிசின் பூசிக் காத்திருக்கின்றனர்.