கணக்கு நோட்டு யார் கையில்?
(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு, ஆரணி)



பண்டிதர் அயோத்திதாசர் பெயரால் நடக்கும் கூட்டத்தில் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது பொருத்தமானது. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவர், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்த வந்தவர், எந்த வழக்கத்தையும் ‘இது எங்கிருந்து வந்தது, யாருக்கு லாபம்’ என்று கேட்காமல் விட்டதில்லை. அந்தக் கேள்வியை இன்று நம் சேரிக்குள்ளேயே கேட்க வேண்டியிருக்கிறது. ‘நம்பினால் நடக்கும், நடக்கவில்லை என்றால் உன் நம்பிக்கை போதவில்லை’ என்ற போதனையைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் ஓர் அக்காவிடமிருந்து தொடங்குகிறோம். அவர் ஊரும் வேண்டாம், அவர் போய்வந்த சபையின் பெயரும் வேண்டாம். கணவர் கூலித்தறியில் பட்டு நெய்தவர். அவருக்குக் காசநோய் வந்தது. அரசு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை இரண்டு மாதம் போட்டார். இருமல் குறைந்தது. உபவாச ஜெபத்தில் ஊழியர் கேட்டார்: “ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் விசுவாசம் என்றால் ஆண்டவர் எந்தக் கையைப் பிடிப்பார்?” அன்றோடு மாத்திரை நின்றது. அடுத்த வாரம் மேடை ஏறிச் சாட்சியும் சொன்னார். சில மாதங்களில் இருமலில் ரத்தம் வந்தது. “உள்ளே எங்கோ சந்தேகம் இருந்திருக்கிறது” என்றார் ஊழியர்.

அக்கா அன்று கேட்டதை அப்படியே சொல்கிறோம்: “சாட்சி சொன்னப்ப இருந்த விசுவாசம் ரத்தம் வந்தப்ப மட்டும் எங்க போச்சு? அந்தக் கணக்க யார் எழுதறது?”

கணவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்க இனி அவர் உடம்பில் வலு இல்லை. அக்கா சபையை விட்டார். கடவுளை விடவில்லை. ‘பின்வாங்கிப்போனவள்’ என்று பெயர் வந்தது. கூடப் பாடியவர்கள் தெருவில் முகம் திருப்பினார்கள்.

முன்பணமும் விசுவாசமும்

அக்கா ‘கணக்கு’ என்று சொன்னது தற்செயல் அல்ல. ஆரணியில் நெசவு தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். கூலி நெசவாளி முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். சேலைக்குச் சேலை கூலியில் பிடித்தம் நடக்கிறது. இழை அறுந்தால் பிடித்தம், கறை பட்டால் பிடித்தம். மகள் கல்யாணத்துக்கு மறுபடி முன்பணம். கணக்கு நோட்டு முதலாளி வீட்டில் இருக்கிறது. வேறு தறிக்குப் போக வேண்டும் என்றால் மொத்தத்தையும் ஒரே நாளில் வைக்க வேண்டும். இப்படிக் கடனுக்காக உழைப்பைக் கட்டிப்போடுவதைத்தான் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றம் என்றது.

நம்பிக்கையின் வல்லமை பற்றிய போதனையும் இதே அமைப்பில்தான் ஓடுகிறது. அதில் மூன்று படிகள் உண்டு. முதல் படி: வாயால் அறிக்கை செய்தது நடக்கும், ‘எனக்கு நோய்’ என்று சொன்னாலே நோயை அழைத்ததாகிவிடும். இரண்டாம் படி: உடம்பில் தெரியும் அறிகுறி பொய், பிசாசின் ஏமாற்று. மூன்றாம் படி: குணமானால் மகிமை மேலே போகும், குணமாகாவிட்டால் குற்றம் கீழே வரும்.

இந்த மூன்றும் சேர்ந்தால் போதனை ஒருநாளும் தோற்காது. தோற்பது எப்போதும் நோயாளிதான். சாட்சி மேடையையும் பாருங்கள். குணமானவர் ஏறுகிறார்; குணமாகாதவர் வீட்டில் படுத்திருக்கிறார். கடைக் கண்ணாடிக்குள் தொங்கும் சேலையை மட்டும் பார்ப்பவருக்குப் பிடித்தம் செய்யப்பட்ட சேலைகளின் எண்ணிக்கை தெரியாது.

வெளியேறியவர்கள் கேட்டது

இந்தப் போதனைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கப் போதகர்கள் எஸ்ஸெக் வில்லியம் கென்யனும் (1867–1948), அவருக்குப் பின் கென்னத் ஹேகினும் (1917–2003) இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள். ஹேகின் பல பகுதிகளைக் கென்யனிடமிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்தார் என்று 1988இல் டி. ஆர். மெக்கானல் எழுதிக் காட்டினார். அவர் வெளியிலிருந்து கல்லெறிந்த நாத்திகர் அல்ல. அந்த வட்டாரத்துக் கல்வி நிலையத்திலேயே படித்தவர்.

1973இல் கலிபோர்னியாவின் பார்ஸ்டோ நகரில் லாரி பார்க்கர், லக்கி பார்க்கர் என்ற தம்பதி, சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் பிறகு, நீரிழிவு நோயுள்ள தங்கள் 11 வயது மகன் வெஸ்லிக்கு இன்சுலினை நிறுத்தினார்கள். பையன் துடித்தபோது அது பிசாசின் பொய் என்று நம்பினார்கள். பையன் இறந்தான். அடக்க ஆராதனைக்குப் பதிலாக உயிர்த்தெழும் ஆராதனை வைத்துக் காத்திருந்தார்கள். நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டது. பிறகு 1980இல், நம் மகனைச் சாகவிட்டோம் என்ற பொருளில் தலைப்பிட்டு அவர்களே புத்தகம் எழுதினார்கள். பிள்ளை மீதான அன்பைவிட நம்பிக்கையை நிரூபிப்பது பெரிதாகிப்போனது எப்படி என்று பெற்ற வயிறு கேட்ட கேள்வி அது.

1977இல் டெட்ராய்ட் நகரில் ரீட்டா ஸ்வான், டக்ளஸ் ஸ்வான் தம்பதியின் 16 மாதக் குழந்தை மேத்யூ மூளைக்காய்ச்சலால் இறந்தது. அவர்கள் கிறிஸ்டியன் சயன்ஸ் சபையினர். நோய் என்பது மனத்தின் பிழை, பிரார்த்தனையால் தீரும் என்பது அந்தச் சபையின் போதனை. ஸ்வான் தம்பதி சபையை விட்டு வெளியேறி, 1983இல் குழந்தைகளின் மருத்துவ உரிமைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். மத நம்பிக்கையைக் காரணம் காட்டிக் குழந்தைக்கு மருத்துவம் மறுப்பவர்களுக்குச் சட்டத்தில் இருந்த விலக்குகளை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார்கள்.

இது தூரதேசத்துச் சங்கதி மட்டுமல்ல. 1924இல் கொழும்பில் தொடங்கி, இன்று தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் பெந்தெகொஸ்தே மிஷன், மருந்தைச் சாராத தெய்வீக சுகத்தை முக்கியமான போதனையாகக் கொண்டது. அதன் ஊழியர்கள் திருமணம் செய்யாமல் விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்கிறார்கள். அந்த எளிமையை மதிப்பவர்கள் பலர். அங்கிருந்து வெளியேறியவர்களும் எழுதியிருக்கிறார்கள். மருந்து எடுப்பது ஏன் விசுவாசக் குறைவாகப் பார்க்கப்பட வேண்டும், கேள்வி கேட்பது ஏன் கலகம் ஆக வேண்டும் என்பவைதான் அவர்களின் கேள்விகள். ஆரணி அக்காவும் இதைத்தான் கேட்டார்.

நாம் ஏன் அங்கே போகிறோம்?

இதைச் சொல்லும்போது சிரிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களோடு நாம் சிரிக்க முடியாது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர் தலையில் ஒருவர் கை வைத்து ஜெபிக்கிறார். ஊரில் வாய் திறக்க முடியாத பெண் சபையில் எழுந்து சாட்சி சொல்கிறாள். குடித்துக்கொண்டிருந்த கணவன் குடியை நிறுத்துகிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். சபையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சமூகவியல் மாணவர்கள் இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மரியாதைக்காகத்தான் நம் மக்கள் போனார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவர் ஆன தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இன்றுவரை இல்லை.

அரசு மதத்துக்குள் போலீஸாக நுழைவதையும் நாம் ஏற்கவில்லை. 2002இல் தமிழ்நாட்டில் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் நம் மக்களின் வெளியேறும் உரிமையின் மீது கை வைத்தது. எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. வெளியே தடியோடு நிற்பவரின் கேள்வி வேறு, உள்ளே இருந்து காயம்பட்டவரின் கேள்வி வேறு. முதலாமவருக்குப் பயந்து இரண்டாமவரின் வாயை அடைத்தால் நாம் அக்காவைக் கைவிட்டவர்கள் ஆவோம்.

கிறிஸ்தவத்துக்குள்ளேயே வேறு வழியும் இருந்தது. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் இந்த வட ஆற்காட்டு மண்ணில் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கினார். இன்று ஆரணியிலிருந்து நாம் பஸ் ஏறிப்போகும் சிஎம்சி மருத்துவமனை அதுதான். ஜெபமும் மருந்தும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி இல்லை.

பழைய கர்மா, புதிய உடை

‘உன் நிலைக்கு நீயே காரணம்’ என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. சேரியில் பிறந்ததற்கு முற்பிறவிப் பாவம் என்றார்கள். அதிலும் கணக்கு நோட்டு நம் கையில் இல்லை. முற்பிறவியை யார் போய்ப் பார்ப்பது? 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர், மாற்றுத்திறனும் வறுமையும் முற்பிறவி வினையால் வருவன என்ற பொருளில் மாணவிகளிடம் பேசினார். பார்வைத்திறன் இல்லாத ஓர் ஆசிரியர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். கர்மா, நேர்மறைச் சிந்தனை, விசுவாச அறிக்கை என்று பெயர்கள் வேறு. மூன்றிலும் சாதி, கூலி, ஆஸ்பத்திரி, குடிநீர் எல்லாம் மறைந்து, தனி மனிதனின் மனம் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

இதைக் கேள்வி கேட்டு வெளியேறுவதுதான் நம் மரபு. கேரளத்துப் பொய்கையில் அப்பச்சன் (1879–1939) மார்த்தோமா சபையிலும் பிரதரன் சபையிலும் இருந்து பார்த்தார். அங்கும் சாதி உட்கார்ந்திருந்தது. அடிமைப்பட்ட எங்கள் முன்னோரின் கதை உங்கள் வேதத்தில் எங்கே என்று கேட்டார். 1910ஐ ஒட்டிப் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கினார். ‘பிரத்யட்சம்’ என்றால் கண்முன் தெரிவது. மீட்பு என்றால் கண்முன் தெரியட்டும் என்பதைப் பெயரிலேயே வைத்தார். அம்பேத்கர் 1935இல் இயோலாவில் வெளியேறுவதாக அறிவித்து, 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் பௌத்தம் ஏற்கும்வரை 21 ஆண்டுகள் படித்தார், ஒப்பிட்டார், விவாதித்தார். அவர் தேர்ந்த புத்தர், குரு சொன்னார் என்பதற்காகவோ நூலில் இருக்கிறது என்பதற்காகவோ ஏற்காதீர்கள், சோதித்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காலாமர்களிடம் சொன்னவர்.

செய்ய வேண்டியவை

களத்தில் இருப்பவர்களுக்குச் சில வேலைகள். ஜெபிக்காதே என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். மாத்திரையை நிறுத்தாதே என்பதை மட்டும் விடாமல் சொல்லுங்கள். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். இருமல் நின்றதும் நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காததாகவும் மாறும். சிகிச்சை இலவசம், சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் கேட்டு வாங்கித் தாருங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள். சபை கொடுத்த துணையை நாம் கொடுக்காமல் சபையை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல.

தாயத்து, மந்திரம் போன்றவற்றால் நீரிழிவு, புற்றுநோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் சட்டம் தடுக்கிறது. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா மதத்து விளம்பரத்துக்கும் ஒரே அளவுகோலைப் பிடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே வந்தவரைத் தனியே விடாதீர்கள். சபையை விட்டவருக்குச் சாவு வீட்டில் நிற்க ஆள் வேண்டும், பிள்ளை கல்யாணத்துக்குப் பந்தி வேண்டும். இவை போய்விடும் என்ற பயம்தான் பலரை உள்ளே வைத்திருக்கிறது. எங்கள் வட்டத்தில் அக்கா இப்போது ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். தெருவில் யார் யார் என்ன மாத்திரை போடுகிறார்கள், எந்தத் தேதியில் மறுபடி வாங்க வேண்டும் என்று அவரவர் சம்மதத்தோடு எழுதிவைக்கிறார். கேட்டவருக்கு அவருடைய பக்கத்தைத் திறந்து காட்டுகிறார்.

ஜெய்பீம்.