குளிர்பதனப் பெட்டி சத்தம் போடுகிறதா? பணத்தை எடுக்கும் முன் காது கொடுங்கள்!

யானை வரும் பின்னே, மணி ஓசை வரும் முன்னே என்பது பழமொழி. அடுப்படியில் நிற்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் இது அப்படியே பொருந்தும். முற்றாகப் பழுதாகி நின்று போவதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஏதாவது ஒரு சத்தத்தின் மூலம் அது பெரும்பாலும் தகவல் சொல்லிவிடுகிறது. அந்தத் தகவலைப் புரிந்து கொள்வதில்தான் நம் வீடுகளில் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன.

சிலர் சத்தத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்து, மீனும் கோழியும் நாறிப் போயிருப்பதைப் பார்த்த பிறகுதான் விழித்துக் கொள்கிறார்கள். வேறு சிலரோ சின்னச் சத்தம் கேட்டாலே பதறிப் போய் ஆளைக் கூப்பிடுகிறார்கள். வந்தவர், "கம்ப்ரசர் போய்விட்டது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நூற்றுக்கணக்கான ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்து விடுகிறார்கள். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் பெரியவர்களுக்கு இது ஒரு மாதச் செலவு.

இதில் பணம் மட்டும் சம்பந்தப்படவில்லை. 2019ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். நம் வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் தயிருக்கும் காய்கறிக்கும் பக்கத்தில் இன்சுலின் மருந்தும் இருக்கிறது. பெட்டி கெட்டால் மருந்தும் கெடும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

சத்தத்தைப் புரிந்து கொள்ள, பெட்டி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும். பின்புறம் கீழே கறுப்பு நிறத்தில் உருண்டையாக இருப்பது கம்ப்ரசர். அது குளிரூட்டும் வாயுவை அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தப்பட்ட வாயு சூடாகி, குழாய்களின் வழியே வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு அது மிக மெல்லிய ஒரு குழாயைக் கடந்து உறைபெட்டிப் பகுதிக்குள் போய் ஆவியாகும்போது உள்ளே உள்ள சூட்டை உறிஞ்சிக் கொள்கிறது.

ஐஸ் கட்டாத வகைப் பெட்டிகளில் உறைபெட்டியின் பின்சுவருக்குள் ஒரு சிறிய விசிறியும், சேரும் பனியை அவ்வப்போது உருக்க ஒரு ஹீட்டரும் உண்டு. உருகிய நீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கி, கம்ப்ரசருக்கு அருகில் உள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே காய்ந்து போகிறது. ஆக, சத்தம் வரக்கூடிய இடங்கள் சிலவே: கம்ப்ரசர், விசிறி, குழாய்கள், நீர்த் தட்டு, மின் இணைப்பு.

இந்தச் சத்தங்களுக்குப் பயம் வேண்டாம்

'ம்ம்ம்' என்ற மெல்லிய முனகல் கம்ப்ரசர் ஓடும் சத்தம். இன்வெர்ட்டர் வகைப் பெட்டிகளில் வேகம் கூடிக் குறைவதால் இந்த முனகலும் ஏறி இறங்கும்; நீண்ட நேரம் ஓடிக் கொண்டிருப்பதும் இயல்பே. 'களகள' என்று நீர் ஓடுவது போன்ற சத்தம், குழாய்க்குள் திரவம் ஓடுவதால் வருகிறது. கம்ப்ரசர் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு இது கேட்கும்.

இரவு நேரத்தில் 'டப்' என்று ஏதோ வெடித்தது போலக் கேட்டால், உள்ளே உள்ள பிளாஸ்டிக் சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்குகிறது என்று பொருள். 'சுர்ர்' என்று தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்தது போன்ற சத்தம், உருகிய பனிநீர் சூடான ஹீட்டரில் சொட்டுவதால் வருவது. பெட்டியின் பக்கச் சுவர்கள் தொட்டால் சூடாக இருப்பதும் பல பெட்டிகளில் பழுதல்ல; வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் அங்கேதான் பதிக்கப்பட்டுள்ளன.

மூன்று கேள்விகள்

புதிதாக ஒரு சத்தம் கேட்டால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எங்கிருந்து வருகிறது? எப்போது வருகிறது? சத்தத்தோடு வேறு என்ன மாறியிருக்கிறது?

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. நீளமான மரக் கரண்டியின் ஒரு முனையைப் பெட்டியின் மேல் வைத்து, மறு முனையைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். மருத்துவர் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்பது போலத்தான். இடத்தை மாற்றி மாற்றி வைத்தால், எங்கே சத்தம் பலமாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பின்பக்கம் உள்ள பாகங்களில் மட்டும் கையோ கரண்டியோ படக்கூடாது.

'கடகட' என்ற அதிர்வு

அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான்; பெரும்பாலும் காசு செலவில்லாமல் தீரக்கூடியதும் இதுதான். கையால் பெட்டியைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால், பெட்டி தரையில் சமமாக நிற்கவில்லை. முன்பக்கக் கால்களைத் திருகி உயரத்தைச் சரி செய்யலாம். முன்பக்கம் மிகச் சற்றே உயர்ந்திருந்தால் கதவு தானாகவே நன்றாக மூடிக் கொள்ளும்.

அதோடு, பெட்டியின் மேல் அடுக்கியுள்ள பிஸ்கட் டின்கள், உள்ளே ஒன்றோடு ஒன்று உரசும் கண்ணாடிப் போத்தல்கள், சுவரில் இடிக்கும் பின்புறம், கீழே ஆடும் நீர்த் தட்டு ஆகியவற்றையும் பாருங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது பெட்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். இடைவெளி இல்லாவிட்டால் வெப்பம் வெளியேறாது, கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், மின்கட்டணமும் ஏறும்.

உறைபெட்டியில் 'கரகர'

உறைபெட்டிப் பக்கத்திலிருந்து அட்டையில் உரசுவது போல 'கரகர' என்றோ 'டட்டட்' என்றோ சத்தம் வந்தால், விசிறி பனிக்கட்டியில் இடிக்கிறது என்று சந்தேகிக்கலாம். பல பெட்டிகளில் கதவைத் திறந்தால் விசிறி நின்றுவிடும். அதனால் கதவைத் திறந்தவுடன் சத்தம் நின்று, மூடிச் சற்று நேரத்தில் மீண்டும் தொடங்கினால் சந்தேகம் உறுதியாகிறது.

இதற்கு முதல் வைத்தியம், பெட்டியை முழுதாக உருக விடுவது. பொருள்களை ஐஸ் நிரப்பிய பெட்டிக்கோ பக்கத்து வீட்டிற்கோ மாற்றிவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவுகளைத் திறந்து வைத்து, சுமார் ஒரு நாள் விட வேண்டும். தரையில் பழைய துணிகளைப் போட்டு வையுங்கள். பின்சுவருக்குள் மறைந்திருக்கும் பனி உருக நேரம் பிடிக்கும். வெளியே தெரியும் பனி மறைந்ததும் அவசரப்பட்டு மீண்டும் போட்டுவிடக் கூடாது.

கத்தியாலோ திருப்புளியாலோ பனியைக் குத்துவது மட்டும் கூடவே கூடாது. ஓசோன் படலத்தைக் காக்க 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்பாடு ஏற்பட்ட பிறகு, பழைய வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. இன்றைய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன். அது சமையல் எரிவாயுவுக்கு நெருங்கிய சொந்தம், தீப்பற்றக் கூடியது. அளவு சிறிதுதான் என்றாலும், குழாய் ஓட்டையானால் ஆபத்து ஒரு பக்கம், பெட்டியே வீணாவது மறுபக்கம்.

உருக வைத்த பிறகு மாதக் கணக்கில் சத்தம் வராவிட்டால், எப்போதோ கதவு சரியாக மூடப்படாமல் இருந்திருக்கலாம். ஓரிரு வாரங்களில் மீண்டும் வந்தால், பனி உருக்கும் ஹீட்டர், அதன் உணர்கருவி அல்லது கதவு ரப்பரில் கோளாறு. கதவு ரப்பரை நீங்களே சோதிக்கலாம். ஒரு ரிங்கிட் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக் கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சில நேரம் சரியாகிவிடும். பனியே இல்லாமல் 'கீச்கீச்' என்று கத்தினால், விசிறியின் மோட்டார் தேய்ந்திருக்கக் கூடும். அதை மட்டும் மாற்றினால் போதும். கம்ப்ரசரைத் தொட வேண்டியதில்லை.

'டிக்... ம்ம்ம்... டிக்'

கவனமாகக் கேட்க வேண்டிய சத்தம் இது. பின்னால் 'டிக்' என்ற ஒலி, சில விநாடி முனகல், மறுபடியும் 'டிக்', பிறகு அமைதி. சில நிமிடங்கள் கழித்து மீண்டும் அதே கதை. விளக்கு எரியும், ஆனால் குளிர் குறைந்து கொண்டே போகும். கம்ப்ரசர் கிளம்ப முயன்று முடியாமல், சூடு ஏறாமல் காக்கும் சாதனம் அதை நிறுத்திவிடுகிறது என்று இதற்குப் பொருள்.

கம்ப்ரசரே இறுகிப் போயிருக்கலாம். ஆனால் அதைக் கிளப்பி விடும் ரிலே என்ற சிறு பாகம் மட்டும் கெட்டிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். ரிலேயின் விலை கம்ப்ரசரின் விலையில் ஒரு சிறு பங்கு. ஆகவே, "ரிலேயைச் சோதித்தீர்களா?" என்ற ஒரு கேள்வி பெரும் செலவைத் தவிர்க்கக் கூடும். நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் பல சாதனங்களோடு பெட்டியையும் மாட்டியிருந்தால், மின்னழுத்தம் குறைந்தும் இப்படி நடக்கலாம். பெட்டிக்குச் சுவரிலேயே தனி பிளக் இருப்பதுதான் முறை.

இந்தச் சத்தம் கேட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டுக் குறைந்தது ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி போட்டுப் பாருங்கள். குழாய்க்குள் அழுத்தம் சமமாக அந்த நேரம் தேவை. மீண்டும் அதே நிலை என்றால், திரும்பத் திரும்ப முயலாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

பிளக்கில் சத்தம் என்றால் தாமதம் வேண்டாம்

சத்தம் பெட்டியிலிருந்து வராமல் சுவர் பிளக்கிலிருந்து 'சடசட' என்று வந்தால், அல்லது பிளக் சூடாகவோ, கருகிய வாடையோடோ இருந்தால், அது தீ விபத்துக்கான எச்சரிக்கை. சூடான பிளக்கில் கை வைக்காமல் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். புதிய பிளக் வாங்கும்போது சிரிம் முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.

"கேஸ் குறைந்துவிட்டது" என்றால்...

குளிரூட்டும் வாயு, வண்டிக்குப் போடும் பெட்ரோலைப் போல் தீர்ந்து போகும் பொருளல்ல. மூடிய குழாய்களுக்குள் அதே வாயுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பினால், சில வாரங்களில் அல்லது மாதங்களில் மீண்டும் காலியாகும். "எங்கே கசிகிறது, எப்படி அடைத்தீர்கள்?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பழுதுபார்ப்பவர் வருவதற்கு முன்பே சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். ஆள் வரும் நேரத்தில்தான் பெட்டி நல்ல பிள்ளையாக அமைதியாகிவிடும். வேலை தொடங்கும் முன் மொத்தச் செலவைக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தை வாங்கி வையுங்கள். ரசீதில் உத்தரவாதக் காலத்தை எழுதச் சொல்லுங்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முறையாகச் செய்யப்படாத வேலைக்கு நிவாரணம் கேட்க நமக்கு உரிமை உண்டு. அச்சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைச் செலுத்தலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞரும் வேண்டியதில்லை. ரசீது இல்லாமல் மட்டும் போய் நிற்காதீர்கள்.

முதலில் மருந்து, பிறகு மீன்

பெட்டி நின்றுவிட்டால், அடிக்கடி திறந்து பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும். மூடியே இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரமும், நிறைந்திருக்கும் உறைபெட்டி சுமார் 48 மணி நேரமும் குளிரைத் தாங்கும். பாதி நிறைந்த உறைபெட்டி ஒரு நாள் தாங்கும்.

இன்னும் திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். பெட்டி நின்றவுடன் முதலில் காப்பாற்ற வேண்டியது அதைத்தான். ஐஸ் கட்டியின் மேல் நேரடியாக வைத்து உறைய விட்டுவிடாதீர்கள். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பதைக் குறித்து வைத்து, மருந்தாளரிடம் கேட்ட பிறகே ஊசி போட்டுக் கொள்ளுங்கள். சிறிய வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குள் எப்போதும் வைத்திருப்பது நல்லது. 4 பாகையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், காதுக்கு எட்டாத பழுதையும் அது காட்டிக் கொடுக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பெட்டி நன்றாக ஓடும்போதே, வீடு அடங்கிய ஓர் இரவில், ஐந்து நிமிடம் அதன் பக்கத்தில் நின்று கேளுங்கள். அதன் வழக்கமான குரல் தெரிந்தவருக்குத்தான் குரல் மாறியதும் தெரியும்.