‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று சொன்னால் போதுமா?

நிறத்தையும் இனத்தையும் வைத்து மனிதர்களை எடை போடுவீர்களா என்று கேட்டால், நம்மில் எவரும் ஆம் என்று சொல்லப் போவதில்லை. தினமும் ஐந்து வேளை கருத்தவரும் சிவந்தவரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறோம். இறையச்சத்தைத் தவிர வேறு எதனாலும் வெள்ளையருக்குக் கருப்பரைவிடச் சிறப்பில்லை என்று நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின்போது அறிவித்ததை ஜும்ஆ பயான்களில் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அதனால் இனவெறி என்பது அமெரிக்காவின் நோய், தென்னாப்பிரிக்காவின் நோய் என்று எண்ணிவிட்டுக் கடந்துபோவது நமக்கு எளிதாக இருக்கிறது.

ஆனால் ஒரு கொள்கையை ஏற்றுக்கொள்வது வேறு, அது நம் நாவிலும் பழக்கத்திலும் இறங்குவது வேறு. இந்த வேறுபாட்டை நமக்குக் காட்டித் தருபவர் மிகச் சிறந்த நபித்தோழர் ஒருவரே.

அபூதர் (ரலி) அவர்களின் மேலாடை

அபூதர் அல்கிஃபாரி (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஆரம்பக் காலத்திலேயே ஏற்றவர்களில் ஒருவர். எளிமைக்கும் உண்மைக்கும் பேர் பெற்றவர். அப்படிப்பட்டவர் ஒருமுறை ஒரு மனிதரோடு ஏற்பட்ட வாக்குவாதத்தில் அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். ஏசப்பட்டவர் பிலால் (ரலி) அவர்கள்தாம் என்று விளக்கவுரைகள் சில குறிப்பிடுகின்றன. பிலால் அவர்களின் தாயார் அபிசீனியப் பெண்மணி. செய்தி நபியவர்களுக்கு எட்டியதும், அபூதரிடம் ஜாஹிலிய்யாவின் குணம் இன்னும் இருக்கிறது என்று அவர்கள் கண்டித்தார்கள். பணியாட்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள், நீங்கள் உடுத்துவதை அவர்களுக்கும் உடுத்தக் கொடுங்கள் என்றும் போதித்தார்கள். இது ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி.

இதில் நாம் நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நபியவர்கள் அபூதரை ஈமான் இல்லாதவர் என்று சொல்லவில்லை. ஈமான் நிறைந்த உள்ளத்திலேயே பழைய காலத்தின் கறை ஒட்டிக்கொண்டிருக்க முடியும் என்பதைத்தான் உணர்த்தினார்கள். ஆக, ‘நான் நல்லவன், ஆகவே என்னிடம் இந்தக் குணம் இருக்க முடியாது’ என்ற வாதம் அபூதர் (ரலி) அவர்களுக்கே பொருந்தவில்லை. நமக்கு எப்படிப் பொருந்தும்?

இந்தச் செய்தி நமக்குக் கிடைத்த விதமும் அழகானது. பிற்காலத்தில் ரபதா என்னும் இடத்தில் அபூதர் அவர்களைச் சந்தித்த ஒருவர், அவர்களும் அவர்களுடைய பணியாளும் ஒரே மாதிரியான மேலாடை அணிந்திருப்பதைப் பார்த்து வியந்து காரணம் கேட்டார். அதற்குப் பதிலாகத்தான் அபூதர் அவர்கள் இந்தச் சம்பவத்தைச் சொன்னார்கள். ஒரு கண்டிப்பு வாழ்நாள் பழக்கமாக மாறி, அவர்கள் உடுத்திய துணியிலேயே தெரிந்தது. கற்றுக்கொள்வது என்றால் இதுதான்.

ஒரு பேருந்தும் ஒரு நகரமும்

இந்தப் பாடத்தை நமக்கு அந்நியமான ஒரு மண்ணில் சிலர் எப்படிக் கற்றார்கள் என்று பார்ப்போம். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆனால் நீதியின் பக்கம் நிற்பது எப்படி என்பதற்கு அவர்கள் வாழ்வில் நல்ல பாடங்கள் இருக்கின்றன.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள நகரம் மாண்ட்கோமரி. 1950களில் அங்கே பேருந்தின் முன்வரிசைகள் வெள்ளையருக்கு மட்டும். கருப்பினத்தவர் பின்னால்தான் உட்கார வேண்டும். இடம் போதாவிட்டால் எழுந்து நின்று வெள்ளையருக்கு இடம் தர வேண்டும். முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசல் வழியாக ஏறச் சொல்வதும் வழக்கம். அவர்கள் பின்வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு.

1955 மார்ச்சில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி எழுந்திருக்க மறுத்துக் கைதானார். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, பல்பொருள் அங்காடி ஒன்றில் தையல் வேலை பார்த்த ரோசா பார்க்ஸ் மறுத்துக் கைதானார். டிசம்பர் 5 முதல் கருப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் கூலித் தொழிலாளிகளும் மழையிலும் குளிரிலும் நடந்தே போனார்கள். அந்தப் போராட்டம் 381 நாட்கள் நீடித்தது. கால்வின் உள்ளிட்ட 4 பெண்கள் தொடுத்த வழக்கில் பேருந்துப் பாகுபாடு சட்டவிரோதம் என்ற தீர்ப்பு 1956 நவம்பரில் உச்சநீதிமன்றத்தில் உறுதியானது.

இந்த வெற்றி நடந்த கால்களுக்கே உரியது. அதை வேறு யாருக்கும் பங்கு போட முடியாது. ஆனால் அந்த நகரத்து வெள்ளையர் சிலர் அவர்களோடு நின்றார்கள். அவர்களில் மூவரைப் பார்ப்போம்.

கற்றுக்கொண்டவர், தடுத்தவர், தோள் கொடுத்தவர்

முதலாமவர் வர்ஜீனியா டர். அலபாமாவில் 1903இல் பிறந்தவர். நிறப் பாகுபாட்டை இயல்பான ஒழுங்காக எண்ணிய குடும்பத்தில் வளர்ந்தவர். கல்லூரி விடுதியில் ஒரு கருப்பின மாணவியோடு ஒரே மேசையில் உணவருந்த வேண்டும் என்றபோது மறுத்தார். விடுதிப் பொறுப்பாளர், விதியை ஏற்றுக்கொள், இல்லையேல் கல்லூரியை விட்டுப் போகலாம் என்றார். அவர் தங்கினார், அந்த மேசையில் உட்கார்ந்தார், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒரே நாளில் அவர் மாறிவிடவில்லை. ஆனால் அங்கே தொடங்கிய மாற்றம் பல ஆண்டுகளில் வளர்ந்து, ஏழைகளையும் கருப்பினத்தவரையும் வாக்களிக்க விடாமல் தடுத்த வரியை எதிர்த்துப் போராடும் அளவுக்கு அவரைக் கொண்டுவந்தது. ரோசா பார்க்ஸ் கைதான இரவில், கருப்பினத் தலைவர் நிக்சன் சிறைக்குத் தொலைபேசியில் கேட்டபோது என்ன குற்றச்சாட்டு என்பதைக்கூடச் சொல்ல மறுத்தார்கள். வர்ஜீனியாவின் கணவரான வழக்கறிஞர் கிளிஃபர்ட் டர் கேட்டதும் சொன்னார்கள். நிக்சனோடு அந்தத் தம்பதியரும் சிறைக்குச் சென்று ரோசாவை ஜாமீனில் அழைத்து வந்தார்கள். தோலின் நிறத்தால் தமக்குத் திறந்த கதவை, அது மூடப்பட்டவருக்காகப் பயன்படுத்தினார்கள்.

இரண்டாமவர் ஜூலியட் மார்கன், நகர நூலகர். பதற்ற நோயால் கார் ஓட்ட முடியாமல் பேருந்திலேயே வேலைக்குப் போனவர். அதனால் மற்ற வசதியான வெள்ளையர் காணாததை அவர் தினமும் கண்டார். காசு கொடுத்த ஒரு கருப்பினப் பெண்ணை ஏற்றாமல் ஓட்டுநர் வண்டியை எடுத்தபோது, அபாயக் கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினார். புறக்கணிப்பு தொடங்கிய ஒரே வாரத்தில் உள்ளூர் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். கருப்பின மக்களின் அமைதியான போராட்டத்தை நம் நாட்டின் உப்புச் சத்தியாகிரகத்தோடு ஒப்பிட்டது அந்தக் கடிதம். இந்த ஒப்பீட்டை முதலில் செய்தவர் அவரே என்று மார்ட்டின் லூதர் கிங் பின்னர் நினைவுகூர்ந்தார். வசைகளும் மிரட்டல்களும் மார்கனைத் தொடர்ந்தன. நெருங்கியவர்கள் பலர் விலகிப் போனார்கள். மனம் நொந்த நிலையில் 1957இல் அவர் இறந்தார். அந்த நகரின் மத்திய நூலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூன்றாமவர் ராபர்ட் கிரேட்ஸ், 27 வயதுக் கிறிஸ்தவ போதகர். கருப்பின மக்கள் வழிபடும் தேவாலயத்துக்கு நியமிக்கப்பட்ட வெள்ளையர். போராட்டத்தில் அவர் செய்த முக்கியமான வேலை கார் ஓட்டுவது. காலையில் எழுந்து, நடந்து போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வேலையிடத்தில் இறக்கிவிடுவார். அவருடைய கார் டயர்களைக் கிழித்தார்கள். பெட்ரோல் தொட்டியில் சர்க்கரையைக் கொட்டினார்கள். 1956 ஆகஸ்டிலும் 1957 ஜனவரியிலும் வீட்டில் குண்டு வைத்தார்கள். போராட்டத்துக்குத் தலைமை தாங்க அவர் முயலவில்லை. தலைவர்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதே நேரத்தில் வேறு பல வெள்ளைக்காரக் குடும்பத்தலைவிகளும் தங்கள் வீட்டு வேலைக்காரப் பெண்களைக் காரில் அழைத்து வந்தார்கள். அதை நிறுத்தும்படி மேயர் கேட்டுக்கொண்டும் பலர் நிறுத்தவில்லை. ஆனால் அவர்களில் எத்தனையோ பேருக்கு வீட்டு வேலை நடக்க வேண்டும் என்பதே கவலையாக இருந்தது. உதவி என்பது ஒன்றுதான். நமக்கு வசதியாக இருக்கும்வரை செய்வதா, நமக்கு இழப்பு வந்தாலும் செய்வதா என்பதில்தான் ஒருவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது தெரிகிறது.

நம் வீட்டுக்குள் வருவோம்

இவ்வளவு தூரம் போய்ப் பார்த்தது, நம் வீட்டுக் கதவைத் திறந்து பார்க்கத்தான். குழந்தை பிறந்த செய்தி வந்ததும் ‘புள்ள கலரா இருக்கா?’ என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெண் பார்த்துவிட்டு வந்து, மார்க்கப் பற்று, படிப்பு, குணம் எல்லாம் சொல்லி முடித்தபின் ‘நிறம்தான் கொஞ்சம் கம்மி’ என்று ஒரு வரியில் அந்தப் பெண்ணைத் தள்ளிவைக்கும் பேச்சும் இருக்கிறது. அதைக் கேட்டபடி அடுத்த அறையில் இருக்கும் பிள்ளை, தன் தோலைக் குற்றமாக எண்ணக் கற்றுக்கொள்கிறது. முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்களைத் தேடிப் போவது அதற்குப் பிறகுதான்.

வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கும் உணவகத்துக்கும் வந்திருக்கும் தொழிலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அவருடைய ஊரையும் திசையையும் வசையாக்கிக் கூப்பிடுவதும் இதே நோய்தான். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன நம் வாப்பாமார்களும் மச்சான்மார்களும், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைப் பார்த்து மரியாதை அளக்கப்படும் வலியை அறிந்தவர்கள். அந்த வலி தெரிந்த வீட்டிலிருந்தே இங்கே இன்னொரு பரதேசிக்கு அதே வலி போகலாமா?

குடும்பமாகச் செய்யக்கூடியவை

1. முதலில் கேட்போம். பாதிக்கப்பட்டவர் தன் அனுபவத்தைச் சொல்லும்போது ‘அவர் விளையாட்டாகச் சொல்லியிருப்பார்’, ‘நீங்கள்தான் பெரிதாக எடுத்துக்கொண்டீர்கள்’ என்று குறுக்கிடாமல் முழுவதும் கேட்பது பாதிப் பாடம். ஜூலியட் மார்கன் கற்றது, பிறர் பயணித்த அதே பேருந்தில் தானும் பயணித்ததால்தான்.

2. தேடிப் படிப்போம். பிலால் (ரலி) அவர்கள் சுடுமணலில் பட்ட துன்பத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மக்கா வெற்றியின்போது கஅபாவில் பாங்கு சொல்லும் பெருமையை நபியவர்கள் அவருக்கே அளித்ததையும் சேர்த்துச் சொல்வோம். அந்தத் தேர்வு குறைஷித் தலைவர்கள் சிலருக்கு எவ்வளவு கசந்தது என்பதையும் விளக்குவோம். காயப்பட்டவர்களே உலகத்துக்கு வகுப்பெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. படிப்பது நம் கடமை.

3. நாவைத் திருத்துவோம். நிறத்தையும் ஊரையும் வைத்துச் சூட்டும் பட்டப்பெயர்களை வீட்டில் ஒழிப்போம். பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதைக் குர்ஆன் 49ஆம் அத்தியாயம் தடுக்கிறது. அடுத்த வசனங்களிலேயே, மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே பல சமூகங்களாகப் படைக்கப்பட்டார்கள் என்று அது சொல்கிறது.

4. நம்மவரைத் தடுப்போம். அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவச் சொன்னார்கள் நபியவர்கள். எப்படி என்று தோழர்கள் கேட்டபோது, அநீதியிலிருந்து அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். முகம் தெரியாதவரைக் கண்டித்து முகநூலில் எழுதுவது எளிது. நம் சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்திருக்கும் உறவினரிடம் ‘மாமி, புள்ள கேட்டுக்கிட்டு இருக்கா, அப்படிச் சொல்லாதீங்க’ என்று மரியாதை குறையாமல் சொல்வதுதான் கடினம். அதற்குத்தான் நன்மை அதிகம்.

5. பின்னால் நிற்கப் பழகுவோம். பாதிக்கப்பட்டவருக்காகக் குரல் கொடுக்கப் போய், மேடையையும் பாராட்டையும் நாமே எடுத்துக்கொண்டால் அதுவும் ஒருவகைப் பறிப்புதான். என்ன உதவி வேண்டும் என்று அவரிடமே கேட்போம். கார் ஓட்ட ஆள் வேண்டும் என்றால் கார் ஓட்டுவோம்.

6. சுட்டிக்காட்டப்படும்போது சினக்காமல் இருப்போம். ‘நானா? நான் அப்படிப்பட்டவன் இல்லையே’ என்று தற்காப்புக்கு ஓடும் மனம் எதையும் கற்காது. அபூதர் (ரலி) அவர்கள் தம் தவறைத் தாமே வாய்திறந்து அறிவித்ததால்தான் அது இன்று நமக்குப் பாடமாக இருக்கிறது.

இவற்றில் எதுவும் ஒரு கூட்டத்தில் பேசி முடித்துவிடக்கூடியதல்ல. தொழுகையைப் போல நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டியது. அடுத்த முறை நம் வீட்டில் பெண் பார்த்துவிட்டு வரும்போது, அடுத்த முறை நம் கடை வாசலில் ஒரு வெளியூர்த் தொழிலாளி வந்து நிற்கும்போது, நம் நாவு என்ன சொல்கிறது என்று கவனிப்போம். நம் பிள்ளைகள் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உள்ளத்தில் ஒட்டியிருக்கும் ஜாஹிலிய்யாவின் எச்சங்களைக் கண்டுகொள்ளும் தெளிவையும், களைந்தெறியும் உறுதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.