ஒரு தம்ளர், மூன்று பேர்!

சித்திரை வெயிலில் மதுரைக்குப் போயிருக்கிறீர்களா? காலை பத்து மணிக்கே தார் ரோடு கொதிக்கும். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் மாமியாரையும் அக்கா மகளையும் அழைத்துக்கொண்டு போய், மீனாட்சியம்மனைத் தரிசித்துவிட்டு வெளியே வந்தோம். விளக்குத்தூண் பக்கம் வந்ததும் அத்தையின் நடை தானாக மெதுவாகிவிட்டது.

"ஏன் தாயி, ஒரு ஜிகர்தண்டா குடிச்சிட்டுப் போவமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தைக்குச் சர்க்கரை வியாதி வந்து ஆறு வருஷமாகிறது. வீட்டில் காப்பிக்குக்கூட சர்க்கரை கிடையாது. "வேண்டாம் அத்தை" என்றேன். அவர் வாதாடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க மாமா இருக்கறப்ப வருஷாவருஷம் இங்கதான் வாங்கிக் குடுப்பாக" என்றார். அவ்வளவுதான். எனக்கு மனசு கேட்கவில்லை.

அக்கா மகள் கொரியாவில், சியோல் நகரத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். "சித்தி, அங்கே கோடையில் 'பாட்பிங்சு' என்று ஒன்று சாப்பிடுவார்கள். ஐஸைப் பூவாகச் சீவி, வேகவைத்து இனிப்பூட்டிய சிவப்புப் பயறும் பாலும் மேலே போட்டுத் தருவார்கள். பெரிய கிண்ணம் ஒன்று வாங்கினால், நாலு ஸ்பூன் போட்டு எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். நாமும் அப்படியே செய்வோமே!" என்றாள்.

நல்ல யோசனை! ஒரே ஒரு ஜிகர்தண்டாவும், இரண்டு காலித் தம்ளரும் கேட்டோம். அத்தையின் பங்கு மூன்று வாய்தான். அதைக் கால்மணி நேரம் குடித்தார்!

தம்ளருக்குள் என்ன?

'ஜிகர்' என்றால் ஈரல். நெஞ்சு என்றும் சொல்வார்கள். 'தண்டா' என்றால் குளிர்ச்சி. சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம்: இவைதான் சரக்கு. பாலில் சர்க்கரை, சர்பத்தில் சர்க்கரை, ஐஸ்கிரீமிலும் சர்க்கரை! பாதாம் பிசினில் நார்ச்சத்து உண்டுதான். அதற்காக இந்தச் சர்க்கரையெல்லாம் இல்லையென்று ஆகிவிடாது.

ஊருக்குத் திரும்பியதும் டாக்டரம்மாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். "எப்போதாவது ரெண்டு மூணு வாய் என்றால் பரவாயில்லை. அன்றைக்கு வேறு இனிப்பு வேண்டாம், சாதத்தையும் குறைத்துக் கொடுங்கள். ஆனால் இது உங்கள் மாமியாருக்குச் சொன்னது. மற்றவர்கள் அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்" என்றார்.

ஐஸ் விஷயத்தில் உஷார்!

ஒரு திருவிழாவில், தெருவில் விற்ற ஐஸைக் கேட்டு என் பையன் அடம்பிடித்தான். வாங்கிக் கொடுத்துவிட்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கோடு அல்லாடினேன். குளிரில் கிருமி செத்துவிடும் என்று நினைப்பது தப்பு. கெட்ட தண்ணீரில் செய்த ஐஸும் கெட்டதுதான். தம்ளரை எந்தத் தண்ணீரில் அலசுகிறார்கள் என்றும் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஆசையை வீட்டில் தீர்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்ய

பாதாம் பிசின் சின்னத் துண்டுகளாக நாலைந்து எடுத்துக் கழுவி, நிறையத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். கிண்ணம் நிறைய உப்பிவிடும். ஊறாத பிசினை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வயிற்றுக்குள் போய் உப்பினால் சங்கடம். ஒரு லிட்டர் பாலை அடிபிடிக்காமல் பாதியாகச் சுண்டவைத்து, கொஞ்சமாகச் சர்க்கரை சேர்த்து, ஆறியபின் குளிர வையுங்கள். தம்ளரில் இரண்டு ஸ்பூன் பிசின், ஒரு ஸ்பூன் நன்னாரி சர்பத், பிறகு பால், மேலே ஐஸ்கிரீம். அத்தைக்கு மட்டும் பாலில் சர்க்கரை சேர்க்குமுன்பே கொஞ்சம் எடுத்து வைத்து, சர்பத்தும் ஐஸ்கிரீமும் இல்லாமல் பிசின் போட்டு அரைத் தம்ளர் கொடுக்கிறேன்.

"கடையில குடிச்ச மாதிரி இல்ல தாயி" என்கிறார். ஆனாலும் தம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைப்பதில்லை!

வயசானவர்களுக்கு "வேண்டாம்" என்று சொல்வது சுலபம். எவ்வளவு கொடுக்கலாம் என்று விசாரித்து, கூட உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்வதில்தான் நம் சாமர்த்தியம் இருக்கிறது. என்ன, நான் சொல்வது சரிதானே?