ஹப்பில் மினுங்கிய பச்சை விளக்கு

தொடர் – 9

2002-ஆம் வருடம். கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து. படியேறினால் மாடியில் ப்ரவுசிங் சென்டர். வாசலில் குவிந்த செருப்புகள், உள்ளே பத்து சிஸ்டம்.

"அண்ணா, சர்வர் போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு தம்பி. ஏழாம் நம்பர்ல உக்காரு."

அண்ணன் நோட்டில் நேரத்தை எழுதுவார். ஹெட்போனை மாட்டியதும் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கின் துப்பாக்கிச் சத்தம்.

சென்ற வாரம் டிவி கேம் பற்றிப் பார்த்தோம். கேசட்டைச் சொருகினால் இரண்டு பேர் ஆடலாம். மூன்றாமவன் கன்ட்ரோலருக்குக் காத்திருக்க வேண்டும். கன்சோலா, கம்ப்யூட்டரா என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டதெல்லாம் படத்தின் அழகை வைத்துத்தான். கோவையில் அதைத் தீர்த்து வைத்தது படமல்ல, கேபிள்.

கன்சோலில் ஆன்லைன் ஆட்டம் வெளிநாட்டில் வந்திருந்தது. சேகா 1999-லேயே ட்ரீம்காஸ்ட் கன்சோலை அமெரிக்காவில் மோடத்தோடு விற்றது. 2002 நவம்பர் 15-ல் மைக்ரோசாஃப்ட் தன் கன்சோலுக்கு எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் சேவையைத் தொடங்கியது. அதற்கு பிராட்பேண்ட் கட்டாயம். நம் நாட்டில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15-ல். ஆனால் பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கேபிபிஎஸ் வேகம் என்று மத்திய அரசின் கொள்கை வரையறுத்ததே 2004-ல்தான். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் 2005 ஜனவரியில் வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 இங்கே கடைக்கு வந்தது 2006-ல்.

அதுவரை எங்களுக்கு வாய்த்தது டெலிபோன் லைன். டயல்-அப்பில் வெளியூர் சர்வருக்குப் போனால் பிங் 300 மில்லிசெகண்டைத் தாண்டும். தகவல் போய்த் திரும்ப நொடியில் மூன்றில் ஒரு பங்கு. திரையில் கதவோரம் நிற்கிற எதிரி நிஜத்தில் அந்த இடத்தை விட்டே போயிருப்பான். சென்டருக்குள் சிஸ்டங்களை ஒன்றோடொன்று இணைக்கும் லேனில் அதே பிங் பத்துக்குள் அடங்கிவிடும். லேன் ஆட்டத்துக்கு இன்டர்நெட்டே தேவையில்லை. பத்து கேபிள், நடுவில் ஒரு ஹப், அவ்வளவுதான்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் என் திரை அப்படியே உறைந்தது. ஹப்பில் என் கேபிளுக்கான பச்சை விளக்கு அணைந்திருந்தது. அண்ணன் கேபிளின் நுனியை வெட்டினார். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. எட்டுக் கம்பிகளையும் விரலால் நீவி வரிசையாக்கி, கனெக்டருக்குள் தள்ளி, கிரிம்பிங் டூலால் ஓர் அழுத்து. விளக்கு மறுபடி மினுங்கியது. மோட்டார் காயில் கட்டும் பட்டறைகளில் நான் பார்த்த அதே கை. பழுதானதைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்கிற இந்த ஊருக்கு, பிரித்துப் பார்க்க முடிந்த கம்ப்யூட்டர் சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று உறுதியாக நம்புகிறேன்.

என்னைச் சுட்டவன் நாலு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான். கரண்ட் போனால் எல்லோரும் கீழே பேக்கரிக்கு இறங்குவோம். தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே, "நீ அந்தப் பெட்டிக்குப் பின்னாலதான் இருந்தியா?" என்று கேட்பான். அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

பிராட்பேண்ட் வந்தபின் எதிரிகள் உலகம் முழுக்கக் கிடைத்தார்கள். பன்னைப் பிய்த்துப் பாதி கொடுக்க யாருமில்லை.

(அடுத்த வாரம்: பிராட்பேண்ட் வீட்டுக்கு வந்த வருடம்)