செல்போன் ஆப் தயாரிக்க தனி ஆள் போதாது: இலத்தூர் மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

இலத்தூர்,

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் இலத்தூர், தென்காசி பக்கம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அருவியில இன்னைக்கு குளிக்க விடுறாங்களா?" இதைச் சொல்லும் செல்போன் ஆப்பை பள்ளி மாணவர்களே தயாரிக்கலாம். ஆனால் தனி ஆளாக இறங்கினால் சிக்கல்தான்.

இலவச வசதி

இதற்கு உதவுவது 'ஆப் இன்வென்டர்'. 2010-ம் ஆண்டு கூகுள் வெளியிட்டது. இப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் இலவசமாக நடத்துகிறது. கட்டளைகளை டைப் அடிக்க வேண்டாம். வண்ணக் கட்டைகளை மவுசால் இழுத்து ஒன்றோடு ஒன்று பொருத்தினால் போதும். மும்பை தாராவி சிறுமிகள் குழுவாகச் சேர்ந்து, தண்ணீர் பிடிக்க முறை வந்ததைச் சொல்லும் ஆப்பை இதில்தான் உருவாக்கினர்.

சண்டை வருவது எங்கே?

ஒரே கணக்கில் 2 பேர் ஒரே நேரத்தில் வேலை பார்த்தால், ஒருவர் செய்ததை மற்றவர் செய்தது அழித்துவிடும். "நீதான் அழிச்சே" என்று தகராறு வரும். எனவே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே மவுசைப் பிடிக்க வேண்டும். மற்றவர் பக்கத்தில் இருந்து தப்பு பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறணும். வேலை முடிந்ததும் தேதி போட்டு நகல் எடுத்து வைக்கணும்.

கெட்டிக்காரப் பையன் ஒருத்தனே எல்லாம் செய்ய, மாணவிகளை நோட்டு எழுத மட்டும் உட்கார வைப்பது கூடாது. அப்படிச் செய்தால் அவன் லீவு போட்ட அன்று வேலை நின்றுவிடும்.

உயிர் விஷயம்

2024-ம் ஆண்டு மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் பலியானார். காலையில் போட்ட 'அனுமதி' என்ற தகவல் மாலை வரை ஆப்பில் நின்றால் என்ன ஆகும்? அதனால் தகவல் பதிந்த நேரம் திரையில் தெரிய வேண்டும். நேரம் கடந்தால் 'தகவல் இல்லை' என்று மாற வேண்டும். ஆப்பை எழுதியவர் கண்ணுக்கு இந்த ஓட்டை படாது. சோதித்துப் பார்க்க இன்னொருவர் வேண்டும். குழு தேவைப்படுவது இதற்குத்தான்.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011-ம் ஆண்டு முதல் ஜோஹோ சாப்ட்வேர் நிறுவனம் இயங்குகிறது. பிளஸ்-2 முடித்தவர்களையும் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறது. சேர்ந்து வேலை பார்க்கப் பழகிய பிள்ளைகளுக்கு சென்னை, பெங்களூரு மட்டும்தான் வழி என்றில்லை.